நாகலிங்கத்தின் கோபம்

பச்சைப்பசேலென்று நிற்கிற மரத்தைப் பட்டமரம் என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுக்கொடுக்க ஒரு மனுஷனுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ தெரியவில்லை. மட்டாஞ்சேரியில் அது நடந்தது. அந்த மரத்தடியில் தட்டுக்கடை போட்டிருந்த அமுதவள்ளி, கையில் தோசைக்கரண்டியோடு தெருவில் இறங்கி நின்று கத்தினாள். கத்த வேண்டியதுதான். ஆனால் அந்தக் காகிதத்துக்குச் சாட்சியாக அவர்கள் பிடித்து வைத்திருந்தது அவள் வாயிலிருந்து வந்த வார்த்தையைத்தான் என்று தெரிந்தபோது அவள் முகம் போன போக்கு இருக்கிறதே, பார்த்தவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள்.

அமுதவள்ளி தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்தவள். புருஷன் இசக்கிமுத்து கான்கிரீட் வேலைக்காரன். இடப்பள்ளியில் எழும்பிய பெரிய கடைகளுக்கெல்லாம் சிமெண்டு சுமந்தவன், அதில் ஒன்றுக்குள்ளும் இதுவரை கால் வைத்ததில்லை. சுள்ளிக்கலில் வாடகை வீடு. வந்த புதிதில் அவள் வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். ஒரு வீட்டில் அவளுக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தார்கள். அது ஜன்னல் விளிம்பில், துணி சோப்புக்குப் பக்கத்தில் இருக்கும். ஒருநாள் வீட்டுக்காரி சாயா ஊற்ற வந்து, "வள்ளீ, நின்றெ கிளாஸ் எடுத்தோ" என்றாள். அமுதவள்ளி டம்ளரை எடுத்தாள். அதைக் கொண்டுபோய் அந்த வீட்டாரின் டம்ளர்கள் அடுக்கியிருந்த தட்டில் நடுவாக வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கலைத்துப்போட்டாள். எது யாருடையது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இனிமேல் என் டம்ளரில்தான் ஊர் குடிக்க வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னவள், சொன்னபடியே தட்டுக்கடை போட்டாள். சாயா, தோசை, கப்பைக்கிழங்கு, மீன்குழம்பு.

கடை போட்ட இடம் ஒரு நாகலிங்க மரத்தடி. பழைய மிளகுக் கிடங்குகள் இருக்கிற சந்து வளைகிற இடத்தில், கோர்ப்பரேஷன் இடத்தில், கூரைகளையெல்லாம் தாண்டி நின்றது அந்த மரம். மற்ற மரங்கள் கிளை நுனியில் பூத்துக் காய்க்கும். இதற்கு அடிமரத்திலிருந்தே கொடி கொடியாகக் கொம்புகள் இறங்கி, அந்தக் கொம்புகளில் பூவும் காயும் தொங்கும். காய் என்றால் லேசுப்பட்ட காய் இல்லை. பீரங்கிக்குண்டு அளவு, பீரங்கிக்குண்டு கனம். பழுத்து விழுந்தால் 'தொம்' என்று சந்தே அதிரும். உடைந்தால் உள்ளே இருக்கிற சதை காற்றுப்பட்டு நீலம் பாரித்து நாறும். அதனால்தான் அங்கே யாரும் கடை போடவில்லை. அமுதவள்ளி கொஞ்சநாள் நின்று பார்த்தாள். அடிமரத்தில் தொங்குகிற காய் அடிமரத்தை ஒட்டித்தானே விழும். நிழலோ சந்து முழுக்க விழுகிறது. நாலு எட்டுத் தள்ளி வண்டியை நிறுத்தினால் நிழல் நமக்கு, காய் மண்ணுக்கு. இவ்வளவுதான் விஷயம். காலையில் பூ உதிர்ந்து கிடக்கும்போது வருகிற வாசனைக்கு ஆட்டோக்காரர்கள் இன்னொரு சாயா கேட்பார்கள்.

முதல் வருஷம் அவள் ஒரு தப்புச் செய்தாள். கஞ்சி வடித்த கொதிநீரைக் கவனமில்லாமல் மரத்தின் வேரில் ஊற்றிவிட்டாள். அந்த வாரமே மரம் மொத்த இலையையும் கொட்டியது. மேலே பார்த்தால் ஒரு இலை இல்லை. அமுதவள்ளிக்குக் குலை நடுங்கிப்போயிற்று. பூவுக்குள்ளே லிங்கமும் அதற்கு மேலே குடைபிடிக்கிற நாகமும் வைத்திருக்கிற மரம், அதன் காலில் போய்க் கொதிநீரை ஊற்றினால்? மஞ்சள்தண்ணி ஊற்றினாள், குங்குமம் வைத்தாள், அடிமரத்தைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். பத்தே நாளில் நுனியெல்லாம் தளிர். மரம் மன்னித்துவிட்டது.

அங்கேதான் தொடங்கியது எல்லாம். அடுத்தமுறை மரம் இலையைக் கொட்டியபோது, "நான் ஒண்ணும் செய்யல. அப்போ யாரு செஞ்சது?" என்று கடைக்கு வந்தவர்களை நிறுத்தி வைத்துக் கேட்டாள். விளையாட்டாகத்தான் சிரித்தார்கள். ஆனால் அண்ணாந்து பார்த்தால் மொட்டை மரம், எதிரே பார்த்தால் அமுதவள்ளி. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் சிரிக்க முடியும்? ஆட்டோக்காரர் சேவியர் முதலில் வாயைத் திறந்தார். வெளியூர் ஆளை ஊரெல்லாம் சுற்றிக் கொண்டுபோய்ப் பக்கத்துத் தெருவில் இறக்கிவிட்டதை ஒத்துக்கொண்டார். மரம் தளிர்த்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு இலையுதிர்வுக்கும் அந்தக் கடையில் விசாரணை நடந்தது. பொண்டாட்டியை அடித்தவன் ஒத்துக்கொண்டான். தங்கையின் நகையை அடகு வைத்தவன் அழுதான். ஒருமுறை யாருமே ஒத்துக்கொள்ளாமல் இருந்தபோது அமுதவள்ளி இசக்கிமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அப்போதெல்லாம் சம்பளம் வாங்கின கையோடு குடித்துவிட்டு வருவான். அவ்வளவு பேருக்கு முன்னால், "மரம் கேக்குதுல்லா, சொல்லுங்க" என்றாள். அவன் எழுந்துபோய் அடிமரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தான். அதன்பிறகு குடிக்கவில்லை. அமுதவள்ளி வாழ்க்கையில் அதைவிடப் பெரிய காரியம் எதுவும் நடக்கவில்லை.

இதையெல்லாம் கேட்ட பிறகும் சிரித்த ஒரே ஆள் ஸாதனா டீச்சர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள், பஸ்ஸுக்கு முன்னால் தினமும் இரண்டு தோசை சாப்பிடுவாள்.

"அக்கா, இதுக்குக் கோபமும் இல்ல தாபமும் இல்ல. வருஷத்துல ரெண்டு மூணு தடவ இலையெல்லாம் கொட்டும், அப்றம் தானா தளிர்க்கும். அது இதோட சுபாவம். சரிக்கும் சொன்னா இது நம்ம நாட்டு மரமே இல்லையாக்கும். தென் அமெரிக்காக் காட்டு மரம்."

"அங்க சிவன் என்னத்துக்குப் போனாரு?" என்று அமுதவள்ளி கரண்டியைக் கீழே வைத்தாள்.

டீச்சர் ஒரு பூவை எடுத்து விரித்துக் காட்டினாள். பாம்புப் படம் என்று நாம் கும்பிடுகிற பாகத்தில் இருக்கிற மகரந்தம் விதைக்கு உதவாது, வண்டு தின்பதற்கென்றே மரம் வைத்திருப்பது. வண்டு உள்ளே புகுந்து அதைத் தின்றுகொண்டிருக்கும்போது, லிங்கத்தைச் சுற்றியிருக்கிற நல்ல மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். தெரியாமலேயே அடுத்த பூவுக்குச் சுமந்துகொண்டு போகும். பிரேசில் நட் என்று விற்கிறார்களே, அந்த மரமும் இதே குடும்பம்தான். அதன் காயும் இப்படித்தான் குண்டாக இருக்கும், உள்ளே ஆரஞ்சுச் சுளை அடுக்கின மாதிரி கொட்டைகள். மட்டாஞ்சேரி மருந்துக்கடைகளில் விற்கிற சமுத்திராப்பழமும் இந்தக் குடும்பம்தான், நம் காயலோரத்திலேயே நிற்கிறது என்றாள் டீச்சர்.

"அப்போ மரம் சோறு போட்டு வண்டுகிட்ட வேல வாங்குது," என்றாள் அமுதவள்ளி. "எங்க வீட்டுக்காரரோட மேஸ்திரிக்கு இது தேவல. அவன் சோறும் போடமாட்டான்." வண்டுக் கதையை அவள் ஏற்றுக்கொண்டாள். இலைக் கதையை ஏற்றுக்கொள்ளவில்லை. "படிச்சவங்களுக்குச் சாமி எங்க கண்ணுக்குத் தெரியப்போகுது" என்று டீச்சர் போனபிறகு சேவியரிடம் நொடித்தாள். டீச்சர் சொன்னதுதான் சரி. ஆனால் சரியான விஷயத்தைச் சொன்னால் உடனே கேட்டுக்கொள்கிற ஆள் இல்லை அமுதவள்ளி.

அப்புறம் வந்தது ஓட்டல். எதிரே இருந்த மிளகுக் கிடங்கை யாரோ வாங்கி, சுவரில் இருந்த அழுக்கை மட்டும் அழகு என்று விட்டுவிட்டு மற்றதையெல்லாம் புதிதாக்கி, வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடமாக மாற்றினார்கள். மேனேஜர் பெயர் ஸ்ரீநாத். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு, எதற்கும் கோபப்படாத ஆள். கோபப்படாதவர்களை அமுதவள்ளி எப்போதுமே நம்பியதில்லை. அடுப்படிக் கழிவுக்குக் குழி வெட்டினால் இடம் போகுமே என்று, அந்த எண்ணெய்த்தண்ணியை ஒரு குழாய் வழியாகச் சந்துக்கே திறந்துவிட்டார்கள். அது மரத்தடியில் வந்து தேங்கியது. அந்த நாற்றத்தில் அமுதவள்ளியின் சாயாவை யார் குடிப்பது? கேட்டால், "நோக்காம் சேச்சி" என்று சிரித்தான். மறுவாரமும் பார்க்கலாம் என்றே சிரித்தான்.

அதோடு விட்டார்களா? விருந்தாளிகளின் கார்களை அடிமரத்தை ஒட்டி நிறுத்தினார்கள். அமுதவள்ளி சொன்னாள், சேவியர் சொன்னார், காயே ஒருமுறை பக்கத்தில் விழுந்து சொன்னது. கேட்கவில்லை. கடைசியில் ஒரு நீளமான காரின் கண்ணாடியில் இறங்கியது ஒரு காய். கார் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியது காரின் குற்றமா, மரத்தின் குற்றமா? ஸ்ரீநாத் மரத்தின் குற்றம் என்று முடிவு செய்தான். வெட்டுவதற்கு அனுமதி கேட்டு எழுதினான். உயிருள்ள மரத்தைச் சும்மா வெட்ட முடியாது என்று கோர்ப்பரேஷனிலிருந்து பதில் வந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து மரம் இலையைக் கொட்டியது. அமுதவள்ளிக்குச் சந்தேகமே இல்லை. இந்தமுறை குற்றவாளி யார் என்று விசாரிக்கவே வேண்டாம். நேராக ஓட்டல் வாசலுக்குப் போனாள். அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் புரியட்டும் என்று மலையாளத்திலேயே தொடங்கினாள்.

"மரம் சத்துப்போயி! நிங்ஙள் கொன்னதா! எண்ணெய்வெள்ளம் ஒழிச்சு ஒழிச்சுக் கொன்னு!"

எண்ணெய்த்தண்ணி ஊற்றி ஊற்றி அவர்கள் கொன்றுவிட்டதாகக் கத்தினாளே, மரம் செத்துவிட்டது என்று அவள் நம்பினாளா என்றால், இல்லை. அது தளிர்க்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆட்டோக்காரனும் கொத்தனாரும் பயந்து ஒத்துக்கொள்கிற மரத்துக்கு இந்த வெள்ளைச் சட்டைக்காரன் மட்டும் பயப்படாமல் இருப்பதா? மண்ணை வாரித் தூற்றினாள், மார்பில் அடித்துக்கொண்டாள், செத்துப்போச்சு செத்துப்போச்சு என்று சந்து கேட்கக் கத்தினாள். ஸ்ரீநாத் வாசலுக்கு வந்தான். கையில் போனைப் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றான். வெட்கத்தில் குனிந்தான் என்று நினைத்துக்கொண்டு திருப்தியோடு கடைக்குத் திரும்பினாள் அமுதவள்ளி.

பத்து நாளில் மரம் தளிர்த்துவிட்டது. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, குழாய் அப்படியே ஊற்றிக்கொண்டிருந்தது. மரம் பாட்டுக்குத் தளிர்த்து, பூக்கவும் ஆரம்பித்துவிட்டது. அமுதவள்ளிக்கு மரத்தின்மேலேயே கோபம் வந்தது. "உனக்கு ரோஷம் வேண்டாமா?" என்று அடிமரத்தைப் பார்த்துக் கேட்டாள். அந்த வாரம் குங்குமம் வைக்கவில்லை.

ஒருநாள் காலையில், தோசைக்கு ஆள் நிற்கிற நேரத்தில், கயிறும் மெஷின் ரம்பமுமாக ஒரு வண்டி வந்து நின்றது. கோர்ப்பரேஷன் ஓவர்சியர் அபிலாஷ் இறங்கி, உணங்கிப் பட்டுப்போன அபாய மரத்தை வெட்ட ஆர்டர் இருக்கிறது, கடையை நகர்த்துங்கள் என்றார். தலைக்கு மேலே அவ்வளவு இலை. அடிமரம் முழுக்கப் பூ. ரம்பக்காரனே அண்ணாந்து பார்த்துவிட்டு, "சாரே, ஈ மரமா?" என்று கேட்டான்.

"எங்கய்யா உணங்கியிருக்கு? காட்டுங்க!" அமுதவள்ளி கரண்டியோடு இறங்கினாள். "கண்ணு இல்லையா உங்களுக்கு? எந்தக் கண்ணில்லாதவன் பார்த்து எழுதினான்?"

அபிலாஷுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டார். மொட்டை மரம். அதற்குக் கீழே மண்ணை வாரித் தூற்றுகிற ஒருத்தி. "மரம் சத்துப்போயி!" என்று சந்து கேட்கிற சத்தம்.

"இது சேச்சிதன்னெ அல்லே?" என்றார். "இவிடெ வர்ஷங்களாயிட்டு கச்சவடம் செய்யுந்ந ஆள் தன்னெ பறயுந்நு, மரம் சத்துப்போயெந்நு. பின்னெ ஞங்ஙள் எந்து செய்யணும்?" வருஷக்கணக்காய் இங்கே கடை நடத்துகிற நீயே செத்துவிட்டதாகச் சொன்னபிறகு நாங்கள் என்ன செய்ய என்கிறார். நேரில் ஒரு ஆளை அனுப்பிப் பார்த்திருக்கலாம். அது அவருக்கும் தெரியும், அவருக்கு மேலே இருக்கிறவர்களுக்கும் தெரியும். ஓட்டல் வாசலில் ஸ்ரீநாத் அன்றைக்கு நின்ற மாதிரியே கையில் போனோடு நின்றிருந்தான். அன்றைக்கு அவன் குனிந்து நின்றது படம் பிடிக்கத்தான் என்று அப்போதுதான் அமுதவள்ளிக்கு உறைத்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. சேவியர் டீச்சருக்குப் போன் போட்டார். டீச்சர் பேப்பர் திருத்தக் களமசேரிக்குப் போயிருந்தாள், அங்கே உள்ளே போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். பக்கத்துத் தெருவில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த இசக்கிமுத்துவுக்கு யாரோ சொல்லி, அவன் கையில் சிமெண்டோடு ஓடிவந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். ரம்பக்காரன் கயிற்றை முதல் கிளையில் வீசிக் கட்டி மேலே ஏறினான்.

அவள் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதை அந்தக் கூட்டத்துக்கு முன்னால் சொல்வதா? இத்தனை வருஷமாக இந்த மரத்தைக் காட்டி அவள் எத்தனை பேர் வாயைத் திறக்க வைத்திருக்கிறாள். எல்லாம் பொய் என்று ஆகிவிடாதா? பின்னால் சிமெண்டுக் கையோடு நிற்கிறானே ஒருத்தன், அவன் தொட்டுச் சத்தியம் செய்த மரம். அதற்குக் கோபமே கிடையாது என்று இன்றைக்குக் கேட்டால் சாயங்காலம் எங்கே போவான்? இப்படி ஒரு நெருக்கடியில் தன்னைக் கொண்டுவந்து நிறுத்தினவனை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் சொன்னது பொய்," என்றாள். "எழுதிக்கோங்க சார். அமுதவள்ளி சொன்னது பொய். மரம் சாகல. அன்னைக்கும் சாகல."

"பின்னெ எந்தினா அங்ஙனெ பறஞ்ஞது?" ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார் அபிலாஷ்.

"கோவத்துல சொன்னேன். அந்த மரத்துக்குக் கோவமே கிடையாது. வருஷத்துல ரெண்டு மூணு வாட்டி இலையக் கொட்டும், அது பாட்டுக்குத் தளிர்க்கும். யாரு தப்பு செஞ்சாலும் கொட்டும், செய்யாட்டியும் கொட்டும். டீச்சர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, நான்தான் கேக்கல. கோவமெல்லாம் என்னுது. மரத்து மேல ஏத்திச் சொன்னேன், ஏன்னா என் கோவத்த எவன் மதிச்சான்? இந்த ஆளு மதிச்சாரா? மாசக்கணக்கா அந்தக் குழாயக் காட்டிக் கேக்கேன், நோக்காம் நோக்காம்னு சிரிக்காரு. இங்க வந்து பாருங்க. இது பொய் இல்ல. இதுக்கு மரம் சாட்சி வேண்டாம், உங்க மூக்கு போதும்."

அபிலாஷைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு ஓட்டலில் என்ன விருந்தோ, மீன் வறுத்த எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. அபிலாஷ் மூக்கைப் பொத்திக்கொண்டார். அதற்குள் சேவியர் போனை உயர்த்தி, இலையும் பூவுமாய் நிற்கிற மரத்தையும், அதை உணங்கிய மரம் என்று சொல்கிற ஆர்டரையும் சேர்த்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்துக் கூட்டத்தில் பாதிப்பேர் போனைத் தூக்கினார்கள். மரத்தின்மேல் உண்டான இரக்கமோ, படத்தில் விழுந்துவிடுவோம் என்ற பயமோ, அபிலாஷ் மறுபடியும் பரிசோதித்துத்தான் முடிவு சொல்ல முடியும் என்று ரம்பக்காரனை இறங்கச் சொன்னார். ஸ்ரீநாத் உள்ளே போய்விட்டான். அந்த வாரத்திலேயே குழாயை அடைத்துக் குழி வெட்டினார்கள், கார்களைத் தள்ளி நிறுத்தினார்கள். மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பச்சை மரத்துக்குப் பட்டமரம் என்று கையெழுத்துப் போட்டவர் இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அன்றைக்குச் சாயங்காலம் இசக்கிமுத்து வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தான். வந்து உட்கார்ந்தான். அமுதவள்ளி அவன் முகத்தைப் பார்க்காமல் சாயா ஆற்றிக்கொண்டிருந்தாள். வரமாட்டான் என்றே நினைத்திருந்தாள். வந்துவிட்டானே என்று நிம்மதியாகவும் இருந்தது, இன்றைக்கு வந்தான் நாளைக்கு வருவானா என்று பயமாகவும் இருந்தது.

"இப்போ தெரிஞ்சுபோச்சுல்லா, மரத்துக்குக் கோவம் வராதுன்னு," என்றாள். "தொட்டுப் பண்ணின சத்தியத்துக்கும் இனிமே ஒண்ணும் இல்ல. போறதுன்னா போங்க."

இசக்கிமுத்து சாயாவை வாங்கி ஒரு வாய் குடித்தான்.

"ஏளா, மரத்துக்குப் பயந்தா நிறுத்துனேன்னு நினைச்சிட்டிருந்த?" என்றான். "மரத்தோட கோவம்னா தளிர் விட்டதும் தீந்துபோச்சேன்னு அடுத்த நாளே போய்க் குடிச்சிருப்பேன். உன் கோவம் அப்படித் தீருதா?"

அமுதவள்ளிக்குக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளவா போகிறாள். "அப்போ இத்தன வருஷமா நான் வச்ச குங்குமத்த எல்லாம் பாத்துச் சிரிச்சிட்டிருந்தீங்களா?" என்று கரண்டியை ஓங்கினாள். அவன் டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு சாயா வேண்டும் என்றான்.